எஸ்எம்பிஎஸ் டெஸ்டர்: எல்லாம் சரி என்று காட்டியது, கம்ப்யூட்டர் அணைந்துகொண்டே இருந்தது

எஸ்எம்பிஎஸ் என்பது சுவர் பிளக்கிலிருந்து வரும் மின்சாரத்தை மாற்றி கம்ப்யூட்டரின் பாகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. அதைச் சோதிக்க, உள்ளங்கையில் அடங்கும் எஸ்எம்பிஎஸ் டெஸ்டர் ஒன்றை வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. நடுவில் சின்ன எல்சிடி திரை, சுற்றிலும் சாக்கெட்டுகள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் கனெக்டர்களை அதில் செருகினால் எந்த லைனில் எத்தனை வோல்ட் வருகிறது என்று காட்டும். கம்ப்யூட்டர் தானாக ஆஃப் ஆகிறது, ரீஸ்டார்ட் ஆகிறது என்று யாராவது கேட்டால் "முதலில் இதை வாங்கி டெஸ்ட் பண்ணுங்க" என்று பலரும் சொல்கிறார்கள், நானும் அப்படிக் கேள்விப்பட்டுத்தான் வாங்கினேன். அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் சரி, எந்த இடத்தில் ஆளைத் தவறான வழியில் அனுப்பிவிடுகிறது என்பதைத்தான் எழுதப் போகிறேன். பிராண்ட் பெயர் சொல்லவில்லை. குறை அந்த ஒரு கம்பெனியுடையது இல்லை, இந்த வகைப் பெட்டிகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன.

முதலில் என்ன பிரச்சினை என்று சொல்லிவிடுகிறேன். என்னுடையது ஆறு வருஷத்துக் கம்ப்யூட்டர். 450 வாட் எஸ்எம்பிஎஸ். வாங்கி மூன்று வருஷம் கழித்து ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டேன். புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்வது என் வேலை, அதனால் காலையிலிருந்து இரவு வரை அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஒரு நாள் பெரிய ஃபைல் ஒன்றை பிடிஎஃப் ஆக்கும்போது திரை சட்டென்று கறுத்தது. எந்த எச்சரிக்கையும் இல்லை, நீலத் திரை வரவில்லை, ஃபேன் சத்தம் நின்றது, இரண்டு நொடியில் தானாகவே மறுபடி பூட் ஆனது. வாரத்துக்கு ஒரு தடவை என்று ஆரம்பித்தது, பிறகு இரண்டு நாளுக்கு ஒரு தடவை, கடைசியில் ஒரே நாளில் நாலு தடவை. வேலை போவது ஒரு பக்கம் என்றால், எப்போது போகும் என்று தெரியாமல் ஒவ்வொரு ஐந்து நிமிஷமும் சேவ் பண்ணிக்கொண்டே உட்கார்ந்திருப்பது இன்னொரு பக்கம். இதை அனுபவித்தவர்களுக்குத்தான் அந்த எரிச்சல் புரியும்.

பழுது பார்க்கும் ஒருவரிடம் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்து விண்டோஸை ஃபார்மேட் பண்ணிக் கொடுத்தார். "இங்கே ஒரு தடவைகூட ஆஃப் ஆகலையே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் மேஜையில் அது வெறும் டெஸ்க்டாப் திரையோடு சும்மா ஓடிக்கொண்டிருந்தது, சும்மா ஓடும்போது அது பெரும்பாலும் ஆஃப் ஆகாது. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே சாயந்திரம் அணைந்தது. மறுபடி கொண்டுபோனேன், ராமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டிக் கொடுத்தார். அதுவும் பலிக்கவில்லை. மூன்றாவது தடவை போகவில்லை, நானே உட்கார்ந்து பார்த்துவிடலாம் என்று முடிவு பண்ணினேன்.

டெஸ்டர் வாங்குவதற்கு முன்னால் நான் செய்தவை மூன்று. மூன்றுக்கும் காசு செலவில்லை, இப்போது திரும்பிப் பார்த்தால் மூன்றுமே டெஸ்டரை விட அதிகமாகச் சொல்லியிருக்கின்றன, எனக்குத்தான் அப்போது படிக்கத் தெரியவில்லை.

முதலாவது ஈவென்ட் வியூவர், கம்ப்யூட்டரில் நடப்பதை விண்டோஸ் குறித்து வைக்கும் பதிவேடு. விண்டோஸ் லாக்ஸ் என்பதற்குக் கீழே சிஸ்டம் என்ற பகுதியில் சிவப்புக் குறியோடு கெர்னல்-பவர் 41 என்று வரிசையாக நின்றன. இதைப் பார்த்ததும் "கெர்னல்-பவர் எரர் வந்துதான் கம்ப்யூட்டர் ஆஃப் ஆகிறது" என்று நினைத்துக்கொண்டு அந்த எண்ணை வைத்துத் தேடிக்கொண்டே இருப்பவர்கள் நிறைய பேர். அது காரணம் இல்லை. அணைந்த நேரத்தில் எழுதப்பட்டதும் இல்லை. மறுபடி பூட் ஆகும்போது, போன தடவை முறையாக ஷட்டவுன் ஆகவில்லையே என்று கண்டுபிடித்து விண்டோஸ் எழுதி வைக்கும் குறிப்பு அது, அவ்வளவுதான். ஆனால் அதன் டீடெய்ல்ஸ் பக்கத்தைத் திறந்தால் பக்செக் கோடு என்று ஒரு வரி இருக்கும், அதுதான் முக்கியம். அங்கே பூஜ்யம் இல்லாமல் வேறு எண் இருந்தால் விண்டோஸ் நீலத் திரைக்குப் போயிருக்கிறது, அதாவது டிரைவர், ராம், டிஸ்க் என்று அந்த வழியில் போக வேண்டும். பூஜ்யம் இருந்தால் பெரும்பாலும் விண்டோஸுக்கு எதுவும் எழுதி வைக்க அவகாசமே கிடைக்கவில்லை, கீழே இருந்து மின்சாரம் பிடுங்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பக்கத்திலேயே பவர் பட்டன் டைம்ஸ்டாம்ப் என்று இன்னொரு வரி, பவர் பட்டனை யாராவது அழுத்திப் பிடித்து அணைத்திருந்தால் அதில் எண் வரும். எனக்கு இரண்டு இடத்திலும் பூஜ்யம்தான். கூடவே டபிள்யூஎச்இஏ-லாகர் என்ற பெயரில் ஏதாவது பதிவு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், இருந்தால் பிராசசர், மதர்போர்டு பக்கம் சந்தேகம் திரும்பும். அதுவும் இல்லை.

இரண்டாவது சூடு. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள், சென்சார்களைப் பார்ப்பதற்கு இதைவிட நல்லது நான் கண்டதில்லை. அதில் லாகிங் பட்டனை அழுத்தினால் இரண்டு நொடிக்கு ஒரு தடவை எல்லா அளவுகளையும் ஒரு ஃபைலில் எழுதிக்கொண்டே போகும், கம்ப்யூட்டர் அணைந்தால் அந்த ஃபைல் அந்த இடத்தில் நின்றுவிடும், பிறகு திறந்து கடைசி வரிகளைப் படித்தால் சாகும் முன் என்ன நடந்தது என்று தெரியும். என் ஃபைலின் கடைசி வரிகளில் பிராசசர் 74 டிகிரி, கிராபிக்ஸ் கார்டு 68 டிகிரி. இதெல்லாம் சூடே இல்லை. இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும், கம்ப்யூட்டர் ஆஃப் ஆனாலே "தெர்மல் பேஸ்ட் காஞ்சிருக்கும்", அதாவது பிராசசருக்கும் அதன் ஹீட் சிங்குக்கும் நடுவில் தடவும் பசை உலர்ந்திருக்கும் என்று சொல்வது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. இப்போதைய பிராசசர்கள் 95, 100 டிகிரி பக்கம் போனால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கம்ப்யூட்டர் இழுக்கும், திணறும். ஹீட் சிங்க் கழன்று கிடக்கிறது, ஃபேன் நின்றுவிட்டது என்கிற அளவுக்குப் போனால்தான் பொதுவாக ஒரேயடியாக அணையும். வேகம் குறையாமல் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிஷின் பட்டென்று அணைகிறது என்றால் பேஸ்ட் மேல் பழி போடுவதற்கு முன் இந்த லாகைப் பார்த்துவிடுவது நல்லது.

மூன்றாவது ராம். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு, அதிலிருந்து பூட் பண்ணி, ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். இலவசப் பதிப்பில் நாலு சுற்று வரை ஓடும். காலையில் வந்து பார்த்தால் நாலும் முடிந்து பிழை பூஜ்யம். ராம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதிக்கொண்டேன். அந்தத் திரையில் இன்னொரு தகவலும் இருந்தது, அதை நான் கவனிக்கவில்லை. பகலில் நாலு தடவை அணைகிற மிஷின் ராத்திரி முழுக்க ஏன் அணையவில்லை? மெம்டெஸ்ட் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டுக்கு வேலையே இல்லை, மொத்த மிஷினும் இழுக்கும் மின்சாரம் குறைவு. பாரம் ஏறினால் விழுகிறது, பாரம் இல்லாவிட்டால் நிற்கிறது என்று அப்போதே அது சொல்லிவிட்டது.

சரி, டெஸ்டருக்கு வருவோம்.

அட்டைப்பெட்டியில் டெஸ்டரும் ஒரு துண்டுத்தாளும் இருந்தன. கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, மதர்போர்டிலிருந்து 24 பின் கனெக்டரையும், பிராசசருக்குப் போகும் 8 பின்னையும், கிராபிக்ஸ் கார்டுக்குப் போவதையும், சாட்டா கனெக்டர்களையும் எல்லாம் பிடுங்கிவிட வேண்டும். 24 பின்னை டெஸ்டரில் செருகுவது கொஞ்சம் கஷ்டம், முதல் தடவை நன்றாக அழுத்த வேண்டியிருந்தது, கிளிப் மாட்டிக்கொண்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிராசசர் கனெக்டரையும் கிராபிக்ஸ் கார்டு கனெக்டரையும் ஒரே நேரத்தில் செருகக் கூடாது, ஒன்று முடித்துவிட்டு அடுத்தது என்று தாளில் போட்டிருந்தது. எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க ஸ்விட்சைப் போட்டதும் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது, ஒரு பீப், திரையில் நீல வெளிச்சம், அதில் எண்கள். 12 வோல்ட் லைனில் 12.1. ஐந்து வோல்ட்டில் 5.0. 3.3 வோல்ட்டில் 3.3. மைனஸ் 12 லைனில் 11.8. கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் வந்துகொண்டிருக்கும் ஸ்டாண்ட்பை லைனில் 5.1. கடைசியில் பவர் குட் என்று ஒரு எண், 280.

இந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்றால், கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்களுக்குப் பொதுவான ஏடிஎக்ஸ் தரப்படி முக்கியமான மூன்று லைன்களிலும் ஐந்து சதவீதம் வரை கூடலாம், குறையலாம். அதாவது 12 வோல்ட் என்பது 11.4க்கும் 12.6க்கும் நடுவில் இருக்க வேண்டும், 5 வோல்ட் 4.75 முதல் 5.25 வரை, 3.3 வோல்ட் 3.14 முதல் 3.47 வரை. பவர் குட் என்பது வோல்டேஜ்கள் எல்லாம் நிலைப்பட்ட பிறகு "இப்போது நீ ஆரம்பிக்கலாம்" என்று எஸ்எம்பிஎஸ் மதர்போர்டுக்குக் கொடுக்கும் சிக்னல், அது வருவதற்கு 100 முதல் 500 மில்லி செகண்ட் வரை எடுத்துக்கொள்ளலாம் என்பது ரொம்ப நாளாக இருக்கும் கணக்கு. என் எண்கள் எல்லாமே உள்ளேதான். மூன்று தடவை போட்டு அணைத்துப் பார்த்தேன், அதே எண்கள். எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிட்டேன்.

அந்த நம்பிக்கை எனக்கு மூன்று வாரத்தைத் தின்றது. எஸ்எம்பிஎஸ் சரி, ராம் சரி, சூடு சரி என்றால் மிச்சம் மதர்போர்டுதானே? கேபினெட்டின் பவர் ஸ்விட்ச் உள்ளே மாட்டிக்கொண்டு தானாக அழுத்துகிறதோ என்று அதன் வயரையே பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் அந்த இரண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். மதர்போர்டுக்கு அடியில் ஏதாவது ஸ்க்ரூ விழுந்து ஷார்ட் ஆகிறதோ என்று மொத்தமாகக் கழற்றி வெளியே எடுத்து ஓட்டினேன். பயாஸை, அதாவது மதர்போர்டின் அடிப்படை மென்பொருளை, அப்டேட் பண்ணினேன், எந்த நிமிஷமும் அணையக்கூடிய மிஷினில் பயாஸ் அப்டேட் செய்வது ஆபத்து, யாரும் செய்யாதீர்கள், பாதியில் அணைந்தால் போர்டே போய்விடும். கடைசியில் புது மதர்போர்டு வாங்குவது என்று முடிவு பண்ணி எந்த மாடல் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது புது மதர்போர்டு, அதற்கு ஏற்ற புது பிராசசர், புது ராம் என்று நீளும் செலவு.

அந்த நேரத்தில் எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த என் மச்சான் வந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அணையும்போது தானா திரும்ப வருதா, இல்ல செத்துப் போயிடுதா?" யோசித்துப் பார்த்தால் இரண்டுமே நடந்திருக்கிறது. பெரும்பாலும் தானாக ரீஸ்டார்ட் ஆகும். ஐந்தாறு தடவை மட்டும் மொத்தமாகச் செத்துவிட்டது, பவர் பட்டனை அழுத்தினாலும் அசையவில்லை, பின்பக்க ஸ்விட்சை அணைத்து சில நொடி விட்டுப் போட்ட பிறகுதான் உயிர் வந்தது. "அப்ப எஸ்எம்பிஎஸ்தான்" என்றார். நான் டெஸ்டரை எடுத்துக் காட்டினேன். அவர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "இது லோடு போடாதே மாப்பிள்ளை" என்றார். அதாவது டெஸ்டர் எஸ்எம்பிஎஸ் மேல் பாரம் ஏற்றிப் பார்ப்பதில்லை.

அவர் விளக்கியதை என்னால் முடிந்தவரை சொல்கிறேன். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் பாதுகாப்பு ஏற்பாடுகள் இருக்கின்றன, கரண்ட் அளவு மீறினாலோ வோல்டேஜ் ரொம்பக் கீழே போனாலோ அது தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். அப்படிப் பூட்டிக்கொண்டால் உள்ளே வரும் மின்சாரத்தை ஒருமுறை முழுசாக நிறுத்திவிட்டுப் போட்டால்தான் பூட்டு விடுபடும், செத்துப்போனது போல இருந்தது அதுதான். அவ்வளவு தூரம் போகாமல் ஒரு கணம் மட்டும் வோல்டேஜ் தடுமாறினால் அந்த பவர் குட் சிக்னல் விழுந்து எழும், மதர்போர்டு அதைப் பார்த்ததும் ரீசெட் ஆகிவிடும், தானாக ரீஸ்டார்ட் ஆவது அதனால். இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகம்.

டெஸ்டர் ஏன் இதைக் காட்டவில்லை? அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருப்பது ஒரு சில வாட் மட்டும் இழுக்கும் ரெசிஸ்டர்கள். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பெட்டியில் 300 வாட்டை எரிக்க முடியாது, உருகிவிடும். ஆனால் என் கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது இழுப்பது அதைப்போல் பல மடங்கு. வெறுங்கையோடு நடந்து வருகிறவரைப் பார்த்துவிட்டு இவர் மூட்டை தூக்குவார் என்று சொன்னால் எப்படியோ அப்படித்தான் இது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின்சாரத்தைத் தேக்கி வைத்துச் சீராக்கும் கெபாசிட்டர்கள் வயதாக ஆக, அதிலும் சூட்டில் இருந்தால், வேகமாகத் தளரும். பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் சொல்லும் உத்தேசக் கணக்கு. தளர்ந்த கெபாசிட்டர் சும்மா இருக்கும்போது 12.1 காட்டும், பாரம் ஏறியதும் தாங்காது. கிராபிக்ஸ் கார்டு வேறு சீராக இழுப்பதில்லை, ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதிக்குள் சராசரியைப் போல் இரண்டு மடங்குகூட இழுத்துவிட்டு இறங்கும். இது எல்லோருக்கும் தலைவலியாகிப் போய்த்தான் 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரத்தில், புது வகை கிராபிக்ஸ் கனெக்டர் உள்ள எஸ்எம்பிஎஸ்கள் 100 மைக்ரோ செகண்டுக்கு 200 சதவீதம் வரையான பாரத்தைத் தாங்க வேண்டும் என்று சேர்த்தார்கள். என்னுடையது அதற்கு முந்தைய காலத்தது.

மறுநாள் மச்சான் தன் மல்டிமீட்டரைக் கொண்டுவந்தார். எல்லா கனெக்டர்களையும் பழையபடி மாட்டி கம்ப்யூட்டரை ஓடவிட்டு, எதிலும் செருகாமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்த நாலு பின் மோலெக்ஸ் கனெக்டர் ஒன்றை எடுத்தோம். அதில் மஞ்சள் வயர் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவில் இருக்கும் இரண்டு கறுப்பும் கிரவுண்ட். மீட்டரின் சிவப்பு முனையை மஞ்சளிலும் கறுப்பு முனையைக் கறுப்பிலும் செருகி, இரண்டு முனையும் ஒன்றை ஒன்று தொட்டுவிடாதபடி டேப் ஒட்டிவிட்டார். இதில் அவசரம் கூடாது, தொட்டால் ஷார்ட். சும்மா இருந்தபோது 12.02. பிறகு ஓசிசிடி என்ற மென்பொருளில் பவர் டெஸ்ட் என்று ஒன்று, அது பிராசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் ஒரே நேரத்தில் முழு பாரத்துக்குக் கொண்டுபோகும். ஸ்டார்ட் அழுத்தியதும் ஃபேன்கள் எல்லாம் இரைய ஆரம்பித்தன, மீட்டர் 11.71க்கு இறங்கியது. ஒரு நிமிஷத்தில் 11.64. எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் காதை வைத்தால் கொசு ரீங்காரம் போல ஒரு மெல்லிய சத்தம், முன்னால் இருந்ததில்லை. நாலாவது நிமிஷத்தில் 11.5, அங்கேயே கொஞ்சம் ஆடியது, 11.52, 11.49, 11.43, அப்புறம் அறை இருட்டானது, மானிட்டர் வெளிச்சம் மட்டும்தான் இருந்தது அதுவரை. மீட்டர் பூஜ்யத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் 11.43 என்பது அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள்தான். மல்டிமீட்டர் ஒரு நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணை மாற்றும், அதற்கு நடுவில் மைக்ரோ செகண்ட் கணக்கில் விழும் பள்ளத்தை அதாலும் பார்க்க முடியாது, வோல்டேஜின் நொடிப்பொழுது ஏற்ற இறக்கத்தையும் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பு வேண்டும். ஆனால் எண் போன போக்கே போதுமாக இருந்தது.

உறுதிப்படுத்திக்கொள்ள மச்சான் வீட்டு 650 வாட் எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிக்கொண்டு வந்து மாட்டினோம். அதே ஓசிசிடி, அதே டெஸ்ட், ஒரு மணி நேரம். அணையவில்லை. வேறு எந்த உதிரிபாகத்தையும் தொடவில்லை.

இந்த இடத்தில் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒரு எச்சரிக்கை. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றி மாட்டிப் பார்க்கும்போது கேபிள்களையும் சேர்த்து மாற்றுங்கள். கழற்றி மாட்டும் வகை மாடுலர் எஸ்எம்பிஎஸ்களில் மதர்போர்டு பக்க முனைதான் எல்லோருக்கும் பொதுவான தரம், எஸ்எம்பிஎஸ் பக்க முனைக்குப் பொதுத் தரம் கிடையாது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்குள்ளேயே வயர் வரிசை மாறும். உள்ளே கேபிள் ஏற்கெனவே அழகாகக் கட்டியிருக்கிறதே, பெட்டியை மட்டும் மாற்றினால் போதும் என்று செய்தால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்ட் டிஸ்க் எல்லாம் எரிந்துவிடும். இன்னொன்று, பழைய எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து கெபாசிட்டர் வீங்கியிருக்கிறதா என்று பார்க்கும் ஆசை யாருக்கும் வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும். பின்பக்க ஜாலி வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள், அது போதும்.

புதிதாக 650 வாட், 80 பிளஸ் கோல்டு ஒன்று வாங்கினேன். 80 பிளஸ் முத்திரை பற்றி ஒரு வரி: அது திறனைப் பற்றியது, எவ்வளவு மின்சாரம் சூடாக வீணாகாமல் வெளியே வருகிறது என்பதைப் பற்றியது. கோல்டு என்றால் 115 வோல்ட் சோதனையில் பாதி பாரத்தில் 90 சதவீதம். உள்ளே நல்ல கெபாசிட்டர் போட்டிருக்கிறார்களா, பாதுகாப்பு சுற்றுகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்பதற்கு அந்த முத்திரை உத்தரவாதம் இல்லை. அதற்கு, எஸ்எம்பிஎஸ்ஸைப் பிரித்துப் போட்டு லோடு வைத்து ஆசிலோஸ்கோப்பில் அளந்து எழுதும் விமர்சனங்களைப் படித்துத்தான் வாங்க வேண்டும், வாரன்டி எத்தனை வருஷம் என்பதையும் பார்க்கலாம். புதியதை மாட்டி மல்டிமீட்டரில் பார்த்தேன், சும்மா இருக்கும்போது 12.11, முழு பாரத்தில் 12.04.

இப்போது இந்த விமர்சனத்தின் முக்கியமான இடம். புதிய எஸ்எம்பிஎஸ்ஸை அதே டெஸ்டரில் மாட்டிப் பார்த்தேன். 12.1, 5.0, 3.3, ஸ்டாண்ட்பை 5.1. செத்துக்கொண்டிருந்த பழையது காட்டிய அதே எண்கள். பவர் குட் மட்டும் 280க்குப் பதில் 250. இந்தத் திரையை மட்டும் பார்த்து எது நல்லது எது கெட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு தசம இடம் வரைதான் காட்டுகிறது என்பதும் ஒரு குறை, ஆனால் இரண்டு இடம் காட்டியிருந்தாலும் பாரம் போடாமல் பிரயோஜனம் இல்லை.

அப்படியானால் இந்தப் பெட்டி வீணா என்றால், இல்லை. போன மாதம் பக்கத்து வீட்டுப் பையனுடைய கம்ப்யூட்டர் பட்டனை அழுத்தினால் அசையவே இல்லை, ஃபேன் துளிகூடச் சுற்றவில்லை. டெஸ்டரை மாட்டினேன், ஸ்டாண்ட்பை லைனில் எண்ணே வரவில்லை, பெட்டி விடாமல் பீப் அடித்தது. ஸ்டாண்ட்பை 5 வோல்ட் இல்லை என்றால் பவர் பட்டனுக்கே உயிர் இல்லை, மதர்போர்டைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. ஒரு நிமிஷத்தில் முடிந்தது, எஸ்எம்பிஎஸ் மாற்றினார்கள், ஓடுகிறது. 24 பின் கனெக்டரின் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்துப் பார்ப்பார்களே, அதைவிட இது எவ்வளவோ மேல், கிளிப் வைத்தால் ஃபேன் சுற்றுகிறதா என்பது மட்டும்தான் தெரியும், இதில் எந்த லைன் இல்லை என்பதும் தெரியும், தவறான பின்னில் கிளிப் செருகும் பயமும் இல்லை. ஆக, மொத்தமாக ஓடாத மிஷினுக்கு இது நல்ல கருவி. டெஸ்டர் "கெட்டது" என்று சொன்னால் நம்புங்கள். "நல்லது" என்று சொன்னால் அந்த வார்த்தையை வைத்து அடுத்த செலவைச் செய்யாதீர்கள்.

தானாக அணையும் மிஷின் வைத்திருப்பவர்கள் டெஸ்டருக்குக் கொடுக்கும் காசைச் சேர்த்து வைத்து ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கலாம், அது வீட்டில் வேறு நூறு வேலைக்கு உதவும். அதைவிட நல்லது, நன்றாக ஓடுகிற எஸ்எம்பிஎஸ் ஒன்றை யாரிடமாவது ஒரு நாள் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பது. பாரம் ஏறும்போது அணைகிறதா, சும்மா இருக்கும்போது அணைகிறதா என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். சும்மா இருக்கும்போது மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது, பாரம் போட்டால் மணிக்கணக்காக ஓடுகிறது என்றால் அது வேறு கதை, ஏஎம்டி ரைசன் பிராசசருக்கான மதர்போர்டுகளில் பயாஸில் பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல் என்று ஒரு அமைப்பு இருக்கும், அதை டிபிகல் கரன்ட் ஐடில் என்று மாற்றியதுமே சரியானவர்கள் இருக்கிறார்கள். ராமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி அமைப்பைப் போட்டிருந்தால் அதையும் ஒரு வாரம் எடுத்துவிட்டுப் பார்க்கலாம். யுபிஎஸ் மாறும்போது மட்டும் அணைகிறது என்றால் அதுவும் எஸ்எம்பிஎஸ் தளர்ந்ததன் அடையாளமாக இருக்கலாம், உள்ளே வரும் மின்சாரம் நின்றாலும் முழு பாரத்திலும் சில மில்லி செகண்டாவது தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது தரம், சாதாரண யுபிஎஸ் பேட்டரிக்கு மாற எடுத்துக்கொள்வது அதற்குள்தான் முடிந்துவிடும், நல்ல எஸ்எம்பிஎஸ் அதை உணரக்கூடாது. யுபிஎஸ் பேட்டரியே போயிருக்கலாம் என்பதால் ஒரு நாள் சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகியும் பார்த்துவிடுங்கள்.

டெஸ்டருக்கு 5க்கு 3 கொடுக்கிறேன். கட்டுமானம் நன்றாக இருக்கிறது, எண்கள் மல்டிமீட்டரோடு ஒத்துப்போகின்றன, ஓடாத மிஷினுக்கு வேகமாகப் பதில் சொல்கிறது. இரண்டு புள்ளியைக் குறைத்தது அந்த அட்டைப்பெட்டிக்காக. "கம்ப்யூட்டர் தானாக ஆஃப் ஆகிறதா? நொடியில் கண்டுபிடியுங்கள்" என்று அதன் மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த வரியை எடுத்துவிட்டு, பாரம் போட்டுச் சோதிக்கும் கருவி இல்லை என்று ஒரு வரி சேர்த்திருந்தால் என் மூன்று வாரம் மிஞ்சியிருக்கும். புதிய எஸ்எம்பிஎஸ் போட்டு நாலு மாதம் ஆகிறது. நேற்றுகூட ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்த்தேன், இந்த நாலு மாதத்தில் ஒரே ஒரு 41 இருக்கிறது, அது புதியதை மாட்டிய அன்று நானே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தது, பவர் பட்டன் டைம்ஸ்டாம்ப் வரியில் எண் இருக்கிறது.